லைட்டு வேலை மாப்பிள்ளை

ஜெகதாப்பட்டினத்தில் எனக்குப் பெண் கொடுத்தவர்கள் என் வேலையை இன்றுவரை முழுசாக நம்பவில்லை. "மாப்பிள்ளைக்கு லைட்டு வேலை" என்று மாமனார் சொல்லி வைத்ததில், திருவிழாவுக்கு சீரியல் செட் என்ன வாடகை என்று கேட்டு வீட்டுக்கு ஆள் வருகிறது. நானோ இயற்பியலில் எம்.எஸ்சி.யும், டெல்லி ஐ.ஐ.டி.யில் அப்ளைடு ஆப்டிக்ஸ் எம்.டெக்கும் முடித்துவிட்டு, கார் ஹெட்லைட்டுக்கு வெளிச்சம் வடிவமைக்கிறவன்.

பல்பு செய்வது என் வேலை இல்லை. எல்.இ.டி.யிலிருந்து கிளம்பும் ஒளி எங்கே போக வேண்டும், எங்கே போகவே கூடாது என்று தீர்மானிக்கிற லென்சோடும் ரிஃப்ளெக்டரோடும்தான் என் பாடு. கம்ப்யூட்டரில் லட்சக்கணக்கான கதிர்களை ஓடவிட்டு, 25 மீட்டர் தள்ளியிருக்கும் திரையில் எப்படி விழுகிறது என்று பார்க்க வேண்டும். லோ பீம் என்றால் மேலே கத்தரித்தாற்போல் ஒரு கோடு. அதற்கு மேலே எதிரில் வருகிறவர் கண். நாம் இடப்பக்கம் ஓட்டுகிறவர்கள் என்பதால், ஓரமாக நடக்கிறவர் தெரிய, இடது பக்கம் மட்டும் அந்தக் கோடு 15 டிகிரி சாய்வாக மேலேறும். இவ்வளவும் என் மூளையில் பத்திரமாக இருக்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் லாரிக்காரர் ஹை பீமிலேயே வரும்போது நானும் எல்லோரையும் போலக் கண் கூசி ஓரங்கட்டுகிறேன்.

அத்தை அடுப்படியில் சங்கரா மீன் ஆய உட்கார்ந்தால், முதுகுக்குப் பின்னால் இருக்கிற டியூப்லைட்டால் அவர் நிழலே அரிவாள்மணை மேல் விழும். விடுவேனா? தூரம் இரட்டித்தால் வெளிச்சம் கால்வாசியாகும் என்று தொடங்கி, நோட்டில் படம் போட்டேன். அத்தை அரிவாள்மணையைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்து, செதில் எடுத்து, செவுளைப் பிடுங்கி, "தள்ளுங்க மாப்பிள்ளை, குழம்பு கொதிக்குது" என்றார்.

எனக்குக் கொஞ்சம் மரியாதை கிடைப்பது மச்சானின் விசைப்படகில்தான். இடது பக்கம் சிவப்பு விளக்கு, வலது பக்கம் பச்சை, தலைக்கு 112.5 டிகிரி, பின்னால் வெள்ளை 135. கூட்டினால் கச்சிதமாக 360. இழுவலை போட்டிருந்தால் மேலே பச்சை, கீழே வெள்ளை. எல்லாம் 1972-ஆம் ஆண்டு சர்வதேச விதி. "இதெல்லாம் உங்க ஆளுங்க வேலையா?" என்றார் மச்சான். அப்போது நான் பிறக்கவே இல்லை. இருந்தாலும் ஆமாம் என்றேன். 1823-இல் பிரான்சின் கோர்துவான் கலங்கரை விளக்கத்தில் தன் லென்ஸை ஏற்றிய பிரெனலும் நம்ம ஆள்தான் என்று சேர்த்துக்கொண்டேன். அவருக்குச் சம்பளம் ரோடு போடுகிற இலாகாவில் என்பதை மட்டும் சொல்லவில்லை.

மச்சான் குரலைத் தாழ்த்தினார். "மாப்ள, மீனைக் கூப்பிடுற மாதிரி லைட்டு ஒண்ணு செய்ய முடியுமா?"

எல்.இ.டி. வெளிச்சம் காட்டி மீன் பிடிப்பதை மத்திய அரசு 2017 நவம்பரிலேயே தடை செய்துவிட்டதே என்றேன்.

"அது எங்களுக்குத் தெரியாதா? ஒங்களால முடியுமான்னுதான் கேட்டேன்."

முடியும் என்றால் சட்டம் இடிக்கும், முடியாது என்றால் மானம் போகும். தண்ணீருக்குள் சிவப்பு சீக்கிரம் காணாமல் போகும், நீலமும் பச்சையும்தான் ஆழம் போகும் என்று மெதுவாக ஆரம்பித்தேன். ஐஸ் ஏற்றணும் என்று மச்சான் எழுந்துவிட்டார்.