ரேம் புணரியல்: ஒரு பழைய வொர்க்ஸ்டேஷனை முன்வைத்து

பழைய கம்ப்யூட்டருக்கு ரேம் கூட்டும் வித்தையைச் சென்னை ரிச்சி தெருக் கடைக்காரர்கள் அறிவார்கள். இலக்கணப் புலவர்கள் அறியார்கள். இரு தரப்பாரும் இதுவரை கலந்து பேசாததால் துறைக்கு நேர்ந்த நட்டத்தை ஈடுசெய்யவே இவ்வாய்வு எழுந்தது. ஆய்வுப் பொருள் டெல் பிரிசிஷன் டி3500. மேசைக்கடியில் கால் நீட்ட இடம் தராத கறுப்புப் பெட்டி. ஸ்லாட் ஆறு, ரேம் டிடிஆர்3, உச்சவரம்பு 24 ஜிபி.

எமது துணிபு இது: ஸ்லாட் நிலைமொழி, ரேம் வருமொழி. இரண்டும் சேரும்போது என்னென்ன நடக்கும் என்பதைப் பவணந்தி முனிவர் 13ஆம் நூற்றாண்டிலேயே நன்னூலில் வகுத்து முடித்துவிட்டார். சேர்த்ததும் ஒரு மாற்றமுமின்றி ஓடினால் இயல்பு புணர்ச்சி. அதில் ஆய்வாளனுக்கு வேலை இல்லை. மற்றவை விகாரம், அது மூன்று.

தோன்றல்: இல்லாதது புதிதாய் வருதல். பட்டனை அழுத்தியதும் பீப் ஒலி தோன்றும். அதைத் தாண்டி விண்டோஸ் ஏறிவிட்டால், முக்கியமான ஃபைலைச் சேமிக்கும் நேரம் பார்த்து நீலத்திரை தோன்றும்.

திரிதல்: ஒன்று வேறொன்றாதல். 1333 என்று ஸ்டிக்கர் ஒட்டிய ரேமை ஸியான் டபிள்யூ3520 பிராசஸர் உள்ள பெட்டியில் செருகினால் அது 1066 ஆகத் திரியும். அந்தப் பிராசஸரின் உச்ச வேகமே அவ்வளவுதான். காசு மட்டும் 1333க்குக் கொடுத்தது.

கெடுதல்: இருந்தது மறைதல். 32 பிட் விண்டோஸ் 7இல் 8 ஜிபி போட்டவருக்குப் பயன்படுவது மூன்று சொச்சம். அது 4 ஜிபிக்கு மேல் எண்ணாது; அந்த நாலிலும் கிராபிக்ஸ் கார்டு முதலியவை தம் பங்கை ஒதுக்கிக்கொள்ளும். மிச்ச ரேம் ஸ்லாட்டில் சும்மா உட்கார்ந்து கரண்ட் தின்னும். 64 பிட்டுக்கு மாறியவரும் துள்ள வேண்டாம்: விண்டோஸ் 7 ஹோம் பிரீமியம் என்றால் 16 ஜிபிக்கு மேல் போட்டதெல்லாம் கெடும்.

புணரவே புணராதவையும் உள. டிடிஆர்2க்கும் 240 பின், டிடிஆர்3க்கும் 240 பின்; பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள். நடுவிலுள்ள வெட்டு மட்டும் இடம் மாறியிருக்கும். கொஞ்சம் அழுத்தினால் போய்விடும் என்னும் கொள்கையினர் நம்மிடையே பலர். போகாது, உடையும்.

இதைவிட நுட்பமானது ரெஜிஸ்டர்டு ரேம். சர்வரிலிருந்து கழற்றி மலிவாக விற்பது. வெட்டும் பொருந்தும், கொக்கியும் பூட்டும், ஆனால் சாதாரண ரேமோடு ஒரே போர்டில் கலக்காது. இங்கேதான் இலக்கணம் கைகொடுக்கிறது. நன்னூலார் உயிரீறு, மெய்யீறு என்று ஈற்றெழுத்தை வைத்தே இயல் பிரித்தார். ரேம் லேபிளிலும் அதே மரபு. பிசி3-10600 என்பதன் ஈற்றில் ஆர் வந்தால் ரெஜிஸ்டர்டு, யு வந்தால் சாதாரணம், இ வந்தால் பிழை திருத்தும் ஈசிசி. லேபிள் கிழிந்திருந்தால் சில்லுகளை எண்ணலாம்: பக்கத்துக்கு எட்டு இருக்கும் இடத்தில் ஒன்பது இருந்தால் ஈசிசி வகை. ஒன்பதாவது, பிழை பார்க்க வந்தது.

எத்தனை போடலாம்? இந்தப் பெட்டியின் பிராசஸருக்கு நினைவகத் தடம் மூன்று. ஆகவே மூன்று, அல்லது ஆறு. நான்கு போட்டாலும் ஓடும். வேகம் ஒரு சீராய் இராது.

எந்த விகாரம் வந்தாலும் கழற்றி, பென்சில் ரப்பரால் பின்களைத் தேய்த்து, மறுபடி செருகு என்பது கடைக்காரர் மரபு. தங்கப்பூச்சு தேயும், ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் துடை என்பார் மறுப்பர். பலித்தது ரப்பரா, வெறுமனே கழற்றி மாட்டியதா என்று யாரும் பிரித்துச் சோதிப்பதில்லை. பெட்டி ஓடியதும் ஆய்வு நின்றுவிடுகிறது. எமக்கு ரப்பர் கட்சிமேல் சாய்வு உண்டு. வீட்டில் பள்ளிப் பிள்ளை இருந்தால் செலவில்லை.

கடைக்குப் போகுமுன் பழைய ரேமைக் கழற்றிக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். கழற்றுமுன் பவர் கார்டைப் பிடுங்குங்கள். புதியதைப் போட்ட இரவே மெம்டெஸ்ட்86 ஓடவிடுங்கள். விடிவதற்குள் பிழை காட்டினால் மாற்றித் தரச் சொல்லலாம். பில்லைத் தொலைத்துவிடாதீர்கள்.