இல்லக் குளிரூட்டலும் இசைவாணைகளும்: மேட்டூரை முன்வைத்து ஓர் ஆய்வு

மேட்டூரில் வெப்பத்தை உண்டாக்குவதும் அதைத் தணிப்பதும் பொதுத்துறைக் காரியம். அணைக்குப் பக்கத்திலுள்ள அனல்மின் நிலையம் நிலக்கரியை எரித்து நீராவி எடுக்கிறது. அதைக் குளிரவைக்க வானை மறைக்கும் கோபுரங்கள் நிற்கின்றன. இப்படி ஒன்றைத் தொடங்க, 1974ஆம் ஆண்டு நீர்ச் சட்டமும் 1981ஆம் ஆண்டு காற்றுச் சட்டமும் சொல்கிறபடி, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் இரண்டு இசைவாணைகள் பெற வேண்டும். நிறுவ ஒன்று, இயக்க ஒன்று. வீட்டில் ஏசி மாட்டுவதற்கும் இதே இரண்டுதான் என்பது இவ்வாய்வின் கருதுகோள்.

நிறுவும் இசைவாணையை வழங்குபவர் அப்பா. சித்திரை வெயில் கேட்ட மனுவை அவர் ஆடித் தள்ளுபடிவரை நிலுவையில் வைப்பது மரபு. அவருடைய முதல் ஆட்சேபம் பொறியியல் சார்ந்தது: ஒன்றரை டன்னைச் சுவர் தாங்குமா? ஒரு டன் என்பது 2,000 பவுண்டு பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருகும்போது இழுக்கிற வெப்பத்தின் அளவு, இயந்திரத்தின் எடை அல்ல என்று விளக்கினால், அப்படியென்றால் ஐஸே வாங்கி வைக்கலாமே என்பார். அப்பத்தாவின் ஆட்சேபம் சூழலியல் சார்ந்தது: "ஏன் சாமி, வேப்பமரத்தடியில கட்டலப் போட்டாக் காத்து வராதா?" இதற்கு இன்றுவரை யாரிடமும் மறுப்பு இல்லை. வெளிப்பெட்டியின் அனல் பக்கத்து வீட்டு ஜன்னலுக்குள் போகுமென்றால், அந்த வீட்டு அக்காவின் தடையின்மைச் சான்றும் வேண்டும். அது பெரும்பாலும் ஒரு கிண்ணம் பாயசத்துக்குக் கிடைக்கும்.

இயக்கும் இசைவாணைதான் கடினம். அதை ஒவ்வொரு இரவும் புதுப்பிக்க வேண்டும். 2020 ஜனவரி முதல் நட்சத்திரக் குறியிட்ட அறை ஏசிகள் 24 டிகிரியில் தொடங்கும்படி மத்திய அரசு விதித்தது. அதற்குக் கீழே இறக்கும் அதிகாரம் ரிமோட்டைத் தலையணைக்கடியில் வைத்திருப்பவருக்கே. குடும்பம் மொத்தமும் ஒரே அறையில் பாய் விரித்தால்தான் ஆணை செல்லும். இந்தக் கண்டிப்புக்குக் காரணம் உண்டு. இரண்டு மாதக் கணக்கில் 500 யூனிட்டைத் தாண்டினால், தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் விலை கூடுவதில்லை. இரண்டாவது நூறு யூனிட்டுக்கு இருந்த குறைந்த விலையும் போய்விடும். ஆகவே அப்பா அதிகாலையில் எழுந்து மீட்டரைப் பார்ப்பதைக் கஞ்சத்தனம் என்பது ஆய்வு நெறிக்கு ஒவ்வாது. கீசருக்கு மட்டும் இந்த விசாரணை எதுவும் இல்லை. அது 2 கிலோவாட், ஒன்றரை டன் ஏசியைவிடக் கூடுதல். ஆனால் வெந்நீர் கேட்பவர் அப்பத்தா.

இனி, அரசு உண்மையிலேயே கேட்கும் அனுமதி. சுவரில் ஒரு ஸ்ப்ளிட் ஏசி மாட்ட நகராட்சியில் பிளான் போட வேண்டியதில்லை. மின்வாரியம் அப்படியல்ல. இணைப்பு வாங்கியபோது எழுதிக்கொடுத்த மின்பளு ஒன்று உண்டு. நான்கு பல்பு, இரண்டு ஃபேன் காலத்தில் எழுதியது அது. ஏசி, கீசர், ஒரு குதிரைத்திறன் மோட்டார், இஸ்திரிப் பெட்டி என்று கூட்டினால் 4 கிலோவாட்டைத் தாண்டும். தமிழ்நாட்டு மின் வழங்கல் விதித்தொகுப்பில் ஒருமுனை இணைப்பின் எல்லையே அதுதான். அப்புறம் கூடுதல் மின்பளுவுக்கு மனு, மும்முனை, புது வயரிங். ஏசி விற்கும் கடையில் இதை யாரும் வாய்திறந்து சொல்வதில்லை. மே மாத இரவில் ஃபியூஸ் போய்த் தெரு முழுக்கத் திண்ணைக்கு வரும்போதுதான் பேச்சு எழும்.

அந்த மனுவைக் கடைக்காரர் கொடுக்க முடியாது. இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவர் கொடுக்க வேண்டும். பல வீடுகளில் அது காலமாகிப் பல வருடமான தாத்தாவின் பெயரில் இருக்கிறது. ஏசி விலை விசாரிக்கும் முன் மின் அட்டையை எடுத்துப் பாருங்கள். தாத்தா பெயர் இருந்தால், முதல் மனு பெயர் மாற்றத்துக்கு.