மாருதிக்கு வால் முளைத்த வரலாறு: ஓர் ஆய்வு

ஒரு வண்டியைக் கண்டதும் நம்மவர் கேட்கும் முதல் கேள்வி, "எவ்வளவு குடுக்குது?" என்பதாகும். ஈ, தா, கொடு என்ற மூன்றில் ‘கொடு’ என்பது உயர்ந்தோன் கூற்று என்பது தொல்காப்பியர் வகுத்த இலக்கணம். ஆகவே வண்டிக்கு முன்னால் அதன் சொந்தக்காரர் உயர்ந்தோன். அவரே பெட்ரோல் பங்கில் நிற்கையில் எந்தச் சொல்லுக்கு உரியவர் ஆகிறார் என்பது இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது. மெட்ரிக் அளவைக்கு 1956இலேயே சட்டம் போட்ட நாட்டில், கிலோமீட்டரில் எண்ணுவதை இன்றும் ‘மைலேஜ்’ என்றே வழங்குவதும் ஈண்டு நோக்கத்தக்கது.

இவ்வாய்வின் முதன்மை ஆதாரம், கிழக்குத் தாம்பரத்தில் ஒரு வேப்பமரத்தடியில் நிற்கும் என் சித்தப்பாவின் மாருதி 800. 796 சிசி, மூன்று சிலிண்டர். மாருதி என்றால் வாயுவின் மைந்தன். தகப்பனுக்கும் மகனுக்கும் இடையில் தகராறு வருவது இயல்பே. அந்தத் தகராறின் கணக்கு இது: காற்று எதிர்த்துத் தள்ளும் விசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். அதை மீறிப் போவதற்கான திறனோ மும்மடிக்கு ஏற்ப ஏறும், அதாவது வேகம் இரட்டித்தால் திறன் எட்டு மடங்கு. இந்தச் சிறு வண்டியின் தடைக் குணகம் 0.4, முகப்புப் பரப்பு 1.7 சதுர மீட்டர் என்று வைத்துக்கொண்டால், 80 கி.மீ. வேகத்தில் காற்றுக்கு மட்டும் ஏறக்குறைய 4,400 வாட் தண்டம் அழ வேண்டும். 20 கி.மீ. வேகத்தில் 70 வாட்கூட ஆகாது. ஒரு சீலிங் ஃபேனுக்கு ஆகும் செலவு. சித்தப்பா தினமும் போய்வரும் வேளச்சேரி சாலையில் 20 என்பதே பண்டிகை நாள் வேகம். இதை எடுத்துச் சொன்னேன். "நீ படிச்சவன், சொல்லுவ. பண்ருட்டி போறப்ப பாரு" என்பது அவரது மறுப்புரை.

முன்னோடி ஆய்வுகளைச் சுட்டாமல் மேலே செல்வது முறையன்று. 1921இல் எட்மண்ட் ரும்ப்ளர் என்ற விமான வடிவமைப்பாளர் பெர்லினில் நீர்த்துளி வடிவில் ஒரு கார் செய்து காட்டினார். 1979இல் அதைக் காற்றுச் சுரங்கத்தில் நிறுத்தி அளந்தபோது தடைக் குணகம் 0.28 வந்தது, அறுபது வருடம் பிந்திப் பிறந்த கார்கள் வெட்கப்பட்டன. ஆனாலும் நூறு வண்டிக்கு மேல் செய்யவில்லை. இன்ஜின் சூடாகிறது, பெட்டி வைக்க இடமில்லை என்று குறைகள். இவ்விரண்டையும் வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

அடுத்தது நாசா. 1970களின் தொடக்கத்தில் கலிஃபோர்னியாவில் எட்வின் சால்ட்ஸ்மன் என்ற நாசா பொறியாளர் சைக்கிளில் வேலைக்குப் போய்வந்தார். லாரி கடக்கும்போதெல்லாம் காற்று முதலில் அவரை ஓரத்துக்குத் தள்ளியது, பிறகு உள்ளே இழுத்தது. ஜிஎஸ்டி சாலையில் மொபெட் ஓட்டிய எவருக்கும் இது தெரியும்; நாம் லாரிக்காரரைத் திட்டிவிட்டு வீட்டுக்குப் போனோம். அவர் அலுவலகத்துக்குப் போய், ஒரு பழைய ஃபோர்டு வேனைச் சுற்றி அலுமினியத் தகட்டால் பெட்டி அடித்து, அதன் மூலைகளை ஒவ்வொன்றாக மழுக்கிப் பார்க்கும் ஆய்வுக்கு வழிசெய்தார். செங்குத்து மூலைகளை மழுக்கியதில் தடை 40 சதவீதம் குறைந்தது. எல்லா ஓரங்களையும் மழுக்கியதில் 54. இந்தச் செய்தியைச் சித்தப்பாவிடம் சொன்னது நான்தான்.

மறுநாளே மூலப்பொருள் சேர்ந்துவிட்டது. சாலையோர மரங்களில் ஆணியடித்துத் தொங்கும் மனை விற்பனை விளம்பரத் தட்டிகள்: உள்ளே குழல் குழலாக ஓடும் சன்பேக் ஷீட். மழையில் ஊறாது, கத்தியால் அறுபடும், காசு கிடையாது. அமெரிக்காவிலும் இதே பித்துப் பிடித்தவர்கள், தேர்தல் முடிந்ததும் வேட்பாளர் தட்டிகளைப் பொறுக்கி இதற்கே பயன்படுத்துகிறார்கள். பின்சக்கரங்களை மூடினால் காற்று சுழன்று தடுக்காது என்பது மெய். 1999இன் ஹோண்டா இன்சைட் அப்படி மூடித்தான் வந்தது. சித்தப்பா எழுத்துப் பக்கம் வெளியே தெரியும்படி மாட்டிவிட்டார். டீக்கடை வாசலில் நிறுத்தியபோது ஒருவர் குனிந்து சக்கரத்தைப் படித்துவிட்டு, "சென்ட் என்ன ரேட்டு சார்?" என்றார்.

முன்பக்கக் கிரில்லை மிக்ஸி வந்த அட்டைப்பெட்டியால் அடைத்தார். குளிர்நாட்டில் இது நல்ல யோசனை, இன்ஜின் சீக்கிரம் சூடேறும். நம்மூரில் கத்திரி வெயிலில், பரனூர் சுங்கச்சாவடி வரிசையில், முள் மெல்ல H பக்கம் சாய்ந்தது. பானெட்டைத் திறந்தால் இட்லிக் கொப்பரை. குடிக்க வைத்திருந்த தண்ணீரெல்லாம் ரேடியேட்டர் ஆறிய பிறகு அதற்கே போயிற்று. ரும்ப்ளருக்கும் இதேதான் நடந்தது என்று நான் சொன்ன ஆறுதல் எடுபடவில்லை. வண்டியின் அடிவயிற்றை மூடிய ஷீட்டைப் பற்றி எழுத அதிகமில்லை. எங்கள் தெருவில் மூன்று வேகத்தடைகள். மூன்றாவதில் விட்டுப் போனது.

இனி வால். பின்னால் காற்று பிய்ந்து சுழலாமல் மெதுவாகச் சேர, உடல் மீனைப் போல ஒடுங்க வேண்டும். சட்டென்று ஒடுங்கினால் காற்று ஒட்டாது. தங்கையின் பழைய ஜாமெட்ரி பாக்ஸிலிருந்து பாகைமானியை எடுத்து, 12 பாகைச் சாய்வில், பிவிசி பைப் எலும்பும் சன்பேக் தோலுமாக மூன்றடி வால் கட்டினார். சித்தி அதற்கு மஞ்சள் குங்குமம் வைத்தார். நான்காம் நாள் மார்க்கெட் சந்தில் ஓர் ஆட்டோ ரிவர்ஸ் எடுத்ததில் பாதி வால் போயிற்று. சித்தப்பா கலங்கவில்லை. 1930களில் ஜெர்மனியின் வுனிபால்ட் காம் கண்டதே அதுதானே: வாலை முழுதாக நீட்ட வேண்டாம், பாதியில் நறுக்கென்று வெட்டினாலும் பலன் பெரும்பாலும் நிற்கும். ஸ்டுட்கார்ட்டில் கணக்குப் போட்டுக் கண்டதை இங்கே ஆட்டோ அண்ணன் ஒரே இடியில் நிறுவிவிட்டார்.

முடிவு வியப்புக்குரியது. பண்ருட்டிப் பயணத்தில் லிட்டருக்கு 15.8 கொடுத்த வண்டி 18.3 கொடுத்தது. பங்க் பையன் குழாயை எடுக்கப் போகும்போதெல்லாம் சித்தப்பா வண்டியை ஆட்டி ஆட்டி இன்னும் கால் லிட்டர் இறக்குவார் என்பதைக் கழித்தாலும் உயர்வு உயர்வுதான். ஆனால் கூடவே போன இவ்வாய்வாளர் கண்ட ஒன்றைப் பதிவு செய்தாக வேண்டும். 60ஐத் தாண்டினால் வால் படபடவென்று அடிக்கும். சித்தப்பாவின் கால் தானாக எழும்பும். முன்பெல்லாம் 80க்குக் குறையாதவர். 80இலிருந்து 60க்கு இறங்கினாலே காற்றின் விசை 44 சதவீதம் குறைந்துவிடும், வால் இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

சித்தப்பா கண் ஆபரேஷன் ஆகி வீட்டில் படுத்திருந்த வாரம், சித்தியின் அனுமதியோடு வாலையும் மூடிகளையும் கழற்றினேன். கூரைமேல் இருந்த இரும்புக் கேரியரையும் கழற்றினேன். அது வாலுக்கு அப்புறம் வந்தது: வால் கட்டியதிலிருந்து டிக்கி திறக்காததால், பரணில் கிடந்ததை இறக்கி மாட்டியிருந்தார். மொட்டை வண்டியை 60இலேயே ஓட்டிப் பண்ருட்டி போய்வந்தேன். 19.1.

கறுப்புக் கண்ணாடியோடு சாய்வு நாற்காலியில் இருந்தவர் முழுதையும் பொறுமையாகக் கேட்டார்.

"பலாப்பழம் வாங்கினியா?"

"இல்ல சித்தப்பா."

"பழம் ஒவ்வொண்ணும் பதினஞ்சு கிலோ. நான் ரெண்டு போட்டுட்டு வருவேன். லோடு இல்லாம போயிட்டு வந்துட்டு என்னடா ஆராய்ச்சி? போ, திரும்ப மாட்டு."