லைசென்ஸ் மட்டும் என் பெயரில்

கோவில்பட்டியில் எங்கள் வீட்டு ரேடியோவுக்கு நான்தான் சொந்தக்காரன். ஆதாரமும் இருந்தது: வருஷா வருஷம் தபால் ஆபீசில் பணம் கட்டி முத்திரை வாங்கிய லைசென்ஸ் புத்தகத்தில் என் பெயர். 1980களின் நடுவில் அரசாங்கம் அந்தக் கட்டணத்தை எடுத்துவிட்டது. ஊரே சந்தோஷப்பட்டது. ரேடியோ மேல் எனக்கிருந்த ஒரே பாத்தியதை அன்றோடு போயிற்று.

1963இல் தொடங்கிய திருநெல்வேலி வானொலி நிலையம் எல்லாருக்கும் ஏதாவது வைத்திருந்தது. அந்த எல்லாரும் என் வீட்டிலேயே இருந்தார்கள்.

விடிந்ததும் பக்திப் பாடல், அது அம்மாவுக்கு. ஏழு மணிக்குக் கொஞ்சம் முன்னால் டெல்லியிலிருந்து வரும் சமஸ்கிருதச் செய்தியும் அம்மாவுக்கே. பலதேவானந்த சாகர் தம் பெயரைச் சொல்லி வாசிக்கத் தொடங்கியதும் கையெடுத்துக் கும்பிடுவாள். "அது நியூஸும்மா" என்று சொல்லிப் பார்த்தேன். "மந்திரம் ஓதயில குறுக்க பேசாதய்யா" என்றாள். மந்திரிசபை மாற்றத்துக்கும் விபூதி பூசிக்கொண்ட ஒரே வாக்காளர் அவளாகத்தான் இருப்பாள்.

மகளிர் நிகழ்ச்சியும் நாடகமும் என் மனைவிக்கு. கதாநாயகி விசும்புகிற நேரத்தில் நான் ரசம் கேட்டது சம்பந்தி வீடு வரைக்கும் தெரியும். ஞாயிற்றுக்கிழமை காலையில் சிறுவர் நிகழ்ச்சி, மகளுக்கு. மத்தியானம் ஒலிச்சித்திரம். முழுப் படத்தையும் காதால் பார்க்கத் தெருப் பெண்கள் எங்கள் திண்ணைக்கு வந்துவிடுவார்கள். அன்றைக்கு ரேடியோவோடு என் ஈசிசேரும் போகும். சனிக்கிழமை ராத்திரி, 1952 முதல் டெல்லியிலிருந்து வருகிற தேசிய சங்கீத நிகழ்ச்சி, எங்களோடு இருந்த மாமனாருக்கு. அவர் தாளம் போடுவதில் கெட்டிக்காரர். போடுவது என் தொடையில்.

மகனுக்கு உள்ளூர் நிலையமே ஆகாது, இலங்கைதான். இதற்கு டெல்லிதான் காரணம். 1952இல் ஒலிபரப்புத் துறை மந்திரியான பி.வி. கேஸ்கர், சினிமாப் பாட்டு ஜனங்களின் ரசனையைக் கெடுக்கிறதென்று வானொலியில் அதைச் சுருக்கினார். ஜனங்கள் திருந்தவில்லை, முள்ளை இலங்கைப் பக்கம் திருப்பினார்கள். போன நேயர்களைத் திரும்ப அழைக்க 1957இல் விவித் பாரதி வந்தது. அதற்குள் தெற்குச் சீமை இலங்கைக்குப் பழகிவிட்டது. அங்கே அறிவிப்பாளர்களான கே.எஸ். ராஜாவும் பி.எச். அப்துல் ஹமீதும் பேசினால் என் மகன் எழுந்து நிற்பான். நான் பேசினால் எழுந்து போவான்.

எனக்கென்று மிஞ்சியது 'வயலும் வாழ்வும்' என்ற விவசாய நிகழ்ச்சி. அதைக் கேட்டு முன்னேறியவர்கள் உண்டு. 1960களில் தஞ்சாவூர்ப் பக்கம் ஏ.டி.டி. 27 என்ற நெல் ரகத்தை வானொலி பரப்பிய வேகத்தில், விவசாயிகள் அதற்கு 'ரேடியோ நெல்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். எனக்கும் வேகம் வந்தது. வயலில் எவ்வளவு தண்ணீர் நிறுத்த வேண்டும் என்று அடுத்த புஞ்சைக்காரருக்கு விளக்கினேன். கம்பும் உளுந்தும் மானாவாரியாக விதைத்துவிட்டு ஐப்பசி வானத்தை அண்ணாந்து பார்க்கிற கரிசல்காரர் அவர். முழுக்கக் கேட்டுவிட்டு, "அண்ணாச்சி, மொதல்ல குடிக்கத் தண்ணிக்கு வழி சொல்லுங்க" என்றார். எங்கள் ஊரிலேயே 1901 முதல் வேளாண் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. கரிசல் பருத்தியைப் பற்றி ரேடியோ பேசுகிற அன்றைக்குத்தான் எங்கள் பேட்டரி செத்திருக்கும். கொன்றவர்கள் யாரென்று மேலே எழுதியிருக்கிறேன்.

தென்கச்சி கோ. சுவாமிநாதனும் திருநெல்வேலி நிலையத்தில் விவசாய நிகழ்ச்சி பார்த்தவர்தான். பிறகு சென்னையிலிருந்து 'இன்று ஒரு தகவல்' சொன்னபோது தமிழ்நாடே காது கொடுத்தது. நான் தகவல் சொன்னால் வீட்டில் ரேடியோவின் சத்தத்தைக் கூட்டுவார்கள்.

யாரும் சண்டைக்கு வராத ஒன்றும் இருந்தது: வானிலை அறிக்கை. மீனவர்கள் கடலுக்குப் போக வேண்டாம் என்பதை நான் தவறாமல் கேட்பேன். எங்கள் ஊர்க்காரன் கடலில் கால் நனைக்க விளாத்திகுளம் தாண்டி வேம்பார் போக வேண்டும். இருந்தாலும் அன்று சந்தைக்குப் போகாமலிருக்க அது போதும்.

இப்போது வீட்டில் ஆளுக்கொரு செல்போன். ஆகாசவாணியின் நிலையங்கள் பலவும் 'நியூஸ் ஆன் ஏர்' செயலியில் கிடைக்கின்றன. வேண்டியதை வேண்டியபோது, தடுப்பாரின்றிக் கேட்கலாம். கேட்கிறேன், வேண்டியதை மட்டும். நாட்டைக்குறிஞ்சி எது, நாடகத்தில் மாமியார் எப்படித் திருந்தினாள், புயல் எங்கே கரை கடக்கும் என்பதெல்லாம் எனக்குத் தெரிந்தது நான் விரும்பியதால் அல்ல. ரேடியோவைத் திருப்ப அதிகாரம் இல்லாததால்.

ஆகவே குடும்பஸ்தர்களுக்கு ஒரு வார்த்தை: வீட்டுக்கு ஒரு ரேடியோ வாங்குங்கள். கண்டிப்பாக ஒன்றுதான். இரண்டு வாங்கினால் வீட்டில் அமைதி வந்துவிடும். அடுத்தவர் நிகழ்ச்சி ஒன்றும் காதில் விழாது.