மைனரின் சொந்த நிறம்

என்னுடைய மொரிஸ் மைனர் 1954ஆம் ஆண்டில் செய்தது. நான் வாங்கியபோது அது நீல நிறம். அதாவது, பெரும்பாலான இடங்களில் நீலம். இடது மட்காட் கொஞ்சம் கூடுதலாக நீலம். கூரையை வெயில் தின்றுவிட்டதால் அதைப் பற்றிப் பேச்சில்லை. இப்படியொரு காருக்குத் திரும்பப் பெயின்ற் அடிக்க நினைப்பவன் கடைக்குப் போய், பிடித்த நிறத்தைக் காட்டிவிட்டு வருவான். எனக்கு அந்தப் புத்தி வரவில்லை. ஒக்ஸ்ஃபோர்டுக்குப் பக்கத்தில், கவுலித் தொழிற்சாலையின் வாசலைத் தாண்டியபோது அது எந்த நிறத்தில் இருந்ததோ அதைத்தான் அடிப்பேன் என்று சபதம் போட்டேன். நாலு பேருக்கு முன்னால் போட்டதுதான் பிழை. தனியே போட்டிருந்தால் கைவிட்டிருக்கலாம்.

காரைப் பற்றி எல்லாம் தெரியும் என்ற எண்ணம் வேறு இருந்தது. வீட்டுக்கு வந்தவர்களைத் தேநீர் குடித்து முடிக்க விடமாட்டேன். அலெக் இசிகோனிஸ் என்ற பொறியியலாளர் வரைந்த கார் இது, 1948இல் லண்டன் ஏள்ஸ் கோர்ட் கண்காட்சியில் வெளிவந்தது, கார் ஒடுக்கமாய்த் தெரிகிறது என்று மாதிரி வண்டியை நடுவே பிளந்து நாலு அங்குலம் அகட்டினார்கள், பொனற்றின் நடுவே ஓடுகிற தட்டையான பட்டி அந்த நாலு அங்குலம்தான் என்று தடவிக்கூடக் காட்டுவேன். கொம்பனி முதலாளி நஃபீல்ட் பிரபு இதைப் பார்த்துவிட்டு, தண்ணீரில் உடைத்து ஊற்றி அவித்த முட்டை மாதிரி இருக்கிறது என்று முகம் சுளித்த கதைக்கு எல்லாரும் சிரிப்பார்கள். பிறகு யாராவது ஒருவர், "அப்ப உங்கட கார் என்ன கலரிலை வந்தது மாஸ்ரர்?" என்பார். தேநீர் ஆறிவிட்டது என்று சொல்லி உள்ளே போய்விடுவேன்.

பதிவுப் புத்தகத்தில் நீலம் என்றுதான் இருந்தது. நிறத்தை மாற்றியவர்களில் கடைசி ஆள் எழுதுவித்தது அது. ஆனால் பழைய உரிமையாளர் பெயர்களும் இருந்தன. முதற் பெயரைப் பிடித்துக்கொண்டு விசாரித்து, வலிகாமத்தில் ஒரு முதியவரைக் கண்டுபிடித்தேன். முதலெழுத்துகளும் பெயரும் அச்சாகப் பொருந்தின. வடை, கோப்பி எல்லாம் தந்து, "கரும்பச்சை தம்பி, பாசி மாதிரி ஒரு பச்சை" என்றார். 1957இல் புது வாகன இலக்கங்களுக்குச் சிங்கள ஸ்ரீ எழுத்தைக் கொண்டுவந்தபோது, தான் அதே இடத்தில் தமிழ் ஸ்ரீயை எழுதிக்கொண்டு யாழ்ப்பாணம் முழுக்க ஓடியதைச் சொல்லும்போது அவருக்குக் கண் கலங்கியது. எனக்கும் கலங்கியது. குறிப்பு எழுதிக்கொண்டேன். என் கார் 1954இல் பதிந்தது, அதன் தகட்டில் அன்றும் இன்றும் இரண்டு ஆங்கில எழுத்துகள்தான், அதில் ஸ்ரீ இருக்க வழியே இல்லை என்பது படலையைத் தாண்டும்போதுகூட எனக்கு உறைக்கவில்லை. படம் இருக்கிறதா என்று கேட்க ஆளனுப்பியபோதுதான் தெரிந்தது, அவர் வைத்திருந்தது ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ். ஆளும் வேறு ஆள்.

இரண்டாவது உரிமையாளரின் குடும்பம் மெய்யாகவே அகப்பட்டது. அவர்களிடம் ஒரு கலியாணப் படம் இருந்தது. பொனற்றில் மாலை போட்டு, மாப்பிள்ளை இறங்கும் நேரம் எடுத்தது. இலக்கத் தகடு தெளிவாகத் தெரிந்தது. ஐயமில்லாமல் என் கார். ஆனால் கறுப்பு வெள்ளைப் படம். கார் சாம்பல் நிறமாக இருந்தது. மாப்பிள்ளையும் சாம்பல், வாசலில் கட்டிய வாழையும் சாம்பல். இதை வைத்து என்ன செய்வது என்று நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

சாட்சிகளை நம்பிப் பயனில்லை, காரையே கேட்போம் என்று அரத்தாளை எடுத்தேன். பழைய பூச்சுகளை அறிய ஒரு முறை உண்டு. ஒரு சிறு இடத்தை ஈரமாக்கி வட்டமாகத் தேய்த்துக்கொண்டு போனால், வெட்டிய மரத்தின் வளையங்கள் மாதிரி ஒவ்வொரு அடுக்கும் வெளியே வரும். வலது கதவைத் தேர்ந்தெடுத்தேன்; இருந்து தேய்க்க வசதியான உயரம். நீலத்துக்குக் கீழே பச்சை, தூரிகைக் கோடு தெரிகிற மொத்தமான எனாமல். தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக்காலம் என்று கொப்பியில் எழுதினேன். பெற்றோல் கிடையாமல், காபரேற்றருக்குள் கொஞ்சம் பெற்றோல் விட்டு உசுப்பிவிட்டு மண்ணெண்ணெயில் கார் ஓடிய காலத்தில், யார் ஸ்பிரே பெயின்ற் தேடியிருப்பார்கள்? கதவு நிலைக்கு வாங்கியதில் மிச்சத்தைக் காருக்கும் அடித்திருப்பார்கள். நல்ல ஊகம்; இன்றைக்கும் அதில் எனக்குப் பெருமை உண்டு. அதற்குக் கீழே கிறீம். எல்லாவற்றுக்கும் அடியில், தகரத்தை ஒட்டி, கடும் சிவப்பு. மரூன்! வீட்டாரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அன்று பின்னேரமே மரூன் பெயின்ற் வாங்கிவிட்டேன்.

மெக்கானிக் வந்து கதவுக்கு முன்னால் குந்தினான். "மாஸ்ரர், இது றெட் ஒக்சைட். தகரம் கறள் பிடியாமல் அடிக்கிறது." நான் பேசாமல் நின்றேன். அவன் பாவம் பார்க்கிற ஆள் இல்லை. "மற்றது, இந்தக் கதவு உங்கட காரின்ரை இல்லை. சாவகச்சேரியிலை உடைச்ச காரிலை கழட்டி நான்தான் போட்டனான்."

ஒரு முழுக் கொப்பியில் நான் எழுதி வைத்திருந்தது முன்பின் காணாத வேறொரு காரின் வாழ்க்கை வரலாறு.

பெயின்ரர்களின் கை எட்டாத இடத்தில்தான் பழைய நிறம் தப்பியிருக்கும் என்றும் அவனே சொன்னான். டாஷ்போர்ட்டுக்குக் கீழே தலையை விட்டு, டோர்ச் அடித்துப் பார்த்தேன். சாம்பல். சிவப்பில் பட்ட சூடு ஆறவில்லை. இனி ஏமாறமாட்டேன், இதுவும் அண்டர்கோட்தான் என்று தலையை வெளியே எடுத்துவிட்டேன்.

மிச்சம் இருந்தது தகடு. எஞ்சினுக்குப் பின்னால் உள்ள சுவரில் அடித்திருக்கும். 1952 தொடக்கம் சில ஆண்டுகள் நஃபீல்ட் கார்களுக்கு மூன்று எழுத்தும் இரண்டு இலக்கமும் கொண்ட குறியீடு இருந்தது. எஃப் என்றால் மைனர். அடுத்த எழுத்து உடலமைப்பு, பி என்றால் இரண்டு கதவு. மூன்றாவது எழுத்து நிறம். ஏ கறுப்பு, சி கடும் சிவப்பு, ஈ பச்சை. முதல் இலக்கம் 2 என்றால் வலப்பக்க ஸ்ரியரிங்குடன் ஏற்றுமதிக்குப் போனது. இவ்வளவையும் படித்து முடித்துவிட்டுத் தகட்டைத் துலக்க, பெயின்ரரிடம் கம்பித் தூரிகை பூட்டிய கிறைண்டரை இரவல் வாங்கினேன். மண்ணெண்ணெயும் பழந்துணியும் போதுமான வேலை. எஃப் தப்பியது, பி தப்பியது, 2 கூடத் தப்பியது. மூன்றாவது எழுத்து இருந்த இடம் கண்ணாடி போல மினுங்கியது.

இங்கிலாந்தில் கேய்டன் என்ற ஊரில் பிரித்தானிய மோட்டார் அருங்காட்சியகம் இருக்கிறது. மொரிஸ், ஒஸ்ரின், எம்ஜி கார்களின் உற்பத்திப் பேரேடுகள் பலவற்றை அங்கே காத்து வைத்திருக்கிறார்கள். கட்டணத்தோடு காரின் இலக்கத்தைக் கொடுத்தால், அது எப்போது செய்யப்பட்டது, என்ன நிறம், எந்த நாட்டுக்குப் போனது என்று பேரேட்டைப் பார்த்துச் சான்றிதழ் தருவார்கள். முதல் நாளே செய்திருக்க வேண்டிய காரியம். சபதக்காரன் பேரேட்டைப் பார்த்து எழுதுவானா? கடைசியில் எழுதினேன், எஞ்சின் இலக்கத்தைக் கொடுத்து. அது 10எம்ஏ என்று தொடங்கியது. 1954 மைனருக்குரியது 803 சீசீ எஞ்சின். 10எம்ஏ என்பது 1962இல் வந்த 1098 சீசீ. 'கொம்பனி எஞ்சின், கை வைக்கவில்லை' என்று நான் ஊரெல்லாம் சொன்ன எஞ்சின் அது. நல்லவேளை, கிறைண்டர் கார் இலக்கத்தைத் தொடவில்லை. அதை அனுப்பினேன்.

சான்றிதழ் வந்தது. அனுப்பிய நாடு இலங்கை. உள்ளே மரூன். வெளியே கிளாரன்டன் கிறே. சாம்பல்.

கலியாணப் படம் ஒன்றுதான் இந்த விசாரணையில் பொய் சொல்லாத சாட்சி. அதை நான்தான் குறுக்கு விசாரணைகூடச் செய்யாமல் அனுப்பிவிட்டேன். மரூன் பெயின்ற்றை என்ன செய்வது என்று மனைவியிடம் கேட்டேன். "கேற்றுக்கு அடியுங்கோ. அதின்ரை சரித்திரத்தைத் தேடப்போகாதேங்கோ."

காருக்குக் கிளாரன்டன் கிறே அடித்தாயிற்று. சுமாரான நிறம்தான்; மப்பு நாளில் சிமெந்துச் சுவர் மாதிரி இருக்கும். திருநெல்வேலிச் சந்தையடியில் நிறுத்தினால் யாராவது வந்து பொனற்றில் விரலால் தட்டிப் பார்ப்பார்கள்.

"அண்டர்கோட் நல்லாப் பிடிச்சிருக்கு மாஸ்ரர். கலர் எப்ப அடிக்கிறியள்?"