பாஸ் மார்க் போடாத வாத்தியார்

எங்கள் தெருவில் எதில் பணம் போடுவதென்றாலும் கணக்கு வாத்தியாரைக் கேட்டுவிட்டுத்தான் போடுவார்கள். கேட்டவர்கள் யாரும் இதுவரை எதிலும் போட்டதில்லை.

ரிட்டயர்மென்ட் பணத்தில் 3 லட்சத்தை ஷார்ட் டியூரேஷன் ஃபண்டில் போடலாமா என்று சார் பார்க்க ஆரம்பித்து ஒரு வருஷமாகிறது. இன்னும் பார்க்கிறார்.

மடியில் கோடு போட்ட நோட்டு, காதில் சிவப்புப் பேனா. ஃபண்டு கம்பெனிகளின் மாதாந்திர அறிக்கையைப் பிரிண்ட் எடுத்து வந்து, அரையாண்டு விடைத்தாள் மாதிரி திருத்துவார். "ட்ரிபிள் ஏ பேப்பர் 78, கவர்மென்ட் பத்திரம் 14. மிச்சம் 8 எங்கடா போச்சு?" என்று காகிதத்தை அதட்டுவார். செலவு விகிதம் கூடினால் 5 மார்க் கட். ரெகுலர் பிளான் என்றால் முட்டைதான். இதுவரை எந்த ஃபண்டும் 35 எடுக்கவில்லை.

போன வாரம் நான் மாட்டிக்கொண்டேன்.

"இந்த வகை ஃபண்டுக்கு மெக்காலே டியூரேஷன் 1லேர்ந்து 3 வருஷம்னு செபி ரூல். தெரியுமா?"

"நமக்கு இங்கிலீஷ் படிப்பைக் கொண்டாந்த மெக்காலேயா சார்?"

"அவர் வேற. இவர் பிரெடரிக் மெக்காலே. 1938ல போட்ட கணக்கு." ரப்பர் மேல் ஸ்கேலை வைத்துச் சீசா ஆக்கினார். "டியூரேஷன் 2ன்னா, வட்டி 1 சதவீதம் ஏறினா பத்திர விலை சுமாரா 2 சதவீதம் இறங்கும்."

"வட்டி இறங்கினா விலை ஏறும்ல? 2025ல ரிசர்வ் வங்கி ரெப்போவைக் குறைச்சப்பவே போட்டிருக்கலாமே?"

"2020 ஏப்ரல்ல ஒரு கம்பெனி 6 கடன் ஃபண்டை இழுத்து மூடுச்சே, மறந்துட்டியா?"

"அப்போ எஃப்டி போடுங்க. 5 லட்சம் வரைக்கும் இன்சூரன்ஸ் இருக்கு."

"அதுக்கு வருஷா வருஷம் வரி. ஃபண்டுன்னா எடுக்கும்போதுதான். ஆனா 2023 ஏப்ரலுக்கு அப்புறம் வாங்கினா இன்டெக்சேஷன் கிடையாது, ஸ்லாப்தான்."

கபடி மாதிரி, எந்தப் பக்கம் பாடிப் போனாலும் காலைப் பிடித்துவிடுகிறார்.

காபியோடு வந்த மாமி கேட்டார்: "அந்த 3 லட்சம் இப்போ எங்க இருக்குன்னு கேளுப்பா."

சார் தொண்டையைச் செருமினார். "சேவிங்ஸ்லதான். இரண்டரை பர்சென்ட்."

"எஃப்டில 6ன்னு வச்சாக்கூட வருஷத்துக்கு 10,500 ரூபாய் போச்சு. ஃபண்டு அதைவிட அரை பர்சென்ட் கூடக் கொடுத்தா 1,500. அந்த 1,500ஐத் தேடித்தான் இவர் 10,500ஐத் தொலைச்சிருக்கார்."

சார் நோட்டில் போட்டுப் பார்த்தார். தப்பே இல்லை. சிவப்புப் பேனாவால் டிக் அடித்து, பக்கத்தில் 10/10 போட்டார். நோட்டு கண்ட முதல் பாஸ்.

"சரி, எஃப்டியே போட்டுடுவோம்" என்றார். மாமிக்கு முகம் மலர்ந்தது.

"எந்த பேங்க்லன்னு பார்க்கணுமில்ல?"

புதுப் பக்கத்தைத் திருப்பி, ரப்பர் மேலிருந்த ஸ்கேலை எடுத்து மார்ஜின் போட ஆரம்பித்தார்.