சங்கத்துச் சேதி வீடு தேடி வருமா?

கே: ஊரில் இத்தனை தமிழ் அமைப்புகள். கூட்டம் நடந்ததே முடிந்த பிறகுதான் எனக்குத் தெரிகிறது. (ஈசூன் வாசகர்)

ப: எல்லாவற்றையும் பின்தொடர நினைக்காதீர்கள். மனசுக்குப் பிடித்த இரண்டு போதும். கவிதை என்றால் கவிமாலை, மாதந்தோறும் கூடுகிறது. கதை, கட்டுரை என்றால் 1976இல் தொடங்கிய சிங்கப்பூர்த் தமிழ் எழுத்தாளர் கழகம். ஒருமுறை நேரில் போய், பொறுப்பாளரிடம் உங்கள் எண்ணைக் கொடுத்துவிட்டு வாருங்கள். முகம் தெரிந்தவருக்குச் சேதி தவறாமல் வரும்.

கே: வாட்ஸ்அப் குழுவில்தான் இருக்கிறேன். காலை வணக்கப் பூங்கொத்துகளுக்கு அடியில் அழைப்பிதழ் புதைந்துபோகிறதே! (உட்லண்ட்ஸ் வாசகி)

ப: அட்மின் மட்டுமே எழுதும்படி குழுவை மாற்ற முடியும். உங்கள் அட்மினிடம் கேளுங்கள். அறிவிப்புக்கு ஒரு குழு, அரட்டைக்கு இன்னொன்று. அமைப்பாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: சிறப்பு விருந்தினரின் படம் பாதி அழைப்பிதழை அடைத்துக்கொள்ள, இடமும் நேரமும் எறும்பு எழுத்தில் ஓரத்தில் கிடக்கின்றன. நாள், மணி, எந்த எம்ஆர்டி நிலையம், இவைதான் முதல் வரியில் வேண்டும்.

கே: கைப்பேசி இல்லாத காலத்தில் சங்கத்துச் சேதி எப்படிப் பரவியது? (தெம்பனிஸ் மாணவர்)

ப: பத்திரிகை வழியாக. 1887இலேயே இங்கே ‘சிங்கை நேசன்’ வார இதழ் வந்தது. 1935 ஜூலை 6ஆம் தேதி கோ. சாரங்கபாணி தொடங்கிய ‘தமிழ் முரசு’ சேதி சொன்னதோடு நிற்கவில்லை, ஆட்களையும் திரட்டியது. அப்படித்தான் 1952இல் தமிழர் திருநாள் பிறந்தது. முரசின் மாணவர் மணிமன்றம் என்ற பகுதியில் எழுதிப் பழகிய பிள்ளைகள் பலர் பின்னாளில் எழுத்தாளர்கள் ஆனார்கள். பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு இடம் வேண்டும் என்று ‘தமிழ் எங்கள் உயிர்’ என்ற பெயரில் முரசு நிதி திரட்டியபோது வாசகர்கள் கைக்காசைக் கொடுத்தார்கள். படிப்பது, எழுதுவது, கொடுப்பது மூன்றையும் அவர்கள் ஒன்றாகவே பார்த்தார்கள். நாம் படித்துவிட்டு ஒரு கட்டைவிரலை மட்டும் அனுப்புகிறோம். அது போதாது தம்பி. தேசிய நூலக வாரியத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி தொகுப்பில் பழைய முரசு இதழ்கள் இருக்கின்றன. ஒரு மாலை உட்கார்ந்து புரட்டிப் பாருங்கள்.

கே: ஒரு நிகழ்ச்சிக்குப் பெயர் பதிந்தேன். அன்றிலிருந்து டியூஷன், இன்சூரன்ஸ் விளம்பரமாக வந்து குவிகிறது! (பொங்கோல் வாசகி)

ப: பொறுத்துக்கொள்ளத் தேவையில்லை. 2012ஆம் ஆண்டின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் கொடுத்த காரணத்தைத் தாண்டி உங்கள் எண்ணைப் பயன்படுத்தப் பொதுவாக உங்கள் சம்மதம் வேண்டும். அழைக்க வேண்டாதோர் பதிவேட்டில் இலவசமாக எண்ணைப் பதியலாம். மொத்தமாக அனுப்பும் விளம்பரத்தில் ‘நிறுத்து’ என்று சொல்ல வழி இருக்க வேண்டும். சொன்னபின் 10 வேலை நாளுக்குள் நிறுத்தியாக வேண்டும்.

கே: டார்மிட்டரியில் இருக்கிறேன். ஞாயிறு மட்டும் தேக்கா பக்கம் வருவேன். கவிதை எழுதுவேன். என்னை எந்தச் சங்கம் சேர்த்துக்கொள்ளும்? (ஜூரோங் வாசகர்)

ப: தயங்காதீர்கள். வெளிநாட்டு ஊழியர்களுக்கான கவிதைப் போட்டி 2014இலேயே இங்கு தொடங்கியது, பிறகு தமிழிலும் எழுதினார்கள். தேக்காவிலிருந்து நடக்கும் தூரத்தில், பிட்டி ரோட்டில் உமறுப் புலவர் தமிழ்மொழி நிலையம் இருக்கிறது. ஞாயிறு நிகழ்ச்சி ஏதாவது அங்கே நடந்தால் உள்ளே போய் உட்காருங்கள். அமைப்பாளர்களே, வேலைச் சட்டையோடு வருகிறவருக்கும் முன்வரிசையில் நாற்காலி போடுங்கள்.

கே: ஏப்ரல் தமிழ்மொழி விழாவில் ஒரே நாளில் மூன்று அழைப்பு. எதற்குப் போவது? (பிடோக் வாசகர்)

ப: பிள்ளைகள் மேடையேறும் நிகழ்ச்சிக்கு. மற்ற இரண்டுக்கும் ‘வர இயலவில்லை’ என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அவர்கள் சாப்பாட்டுக்கு ஆள் கணக்குப் போட வேண்டும்.